மாமன் மச்சான் இல்லாத ரெபரி

சேக்காட்டு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு இன்னும் ஈரமாக மின்னுகிறது. தோற்றவர்கள் மூட்டை கட்டவேண்டிய சடுகுடு ஆட்டம், எதிரில் நெமிலிச்சேரி. சேக்காட்டு அணியில் யாரை இறக்குவது என்ற சண்டை மதியமே ஓய்ந்து, முட்டி வீங்கியிருந்தாலும் துலுக்கானம்தான் என்று முடிவாகிவிட்டது. ரெபரிதான் அமையவில்லை. “நாகப்பன் ஊதட்டும்” என்கிறான் சேக்காட்டுக் கன்னியப்பன். “அவன் உங்கூரு மாப்பிள்ளை, போ நைனா!” என்று நெமிலிச்சேரிப் பக்கம் சிரிக்கிறது. அவர்கள் சொல்லும் ஆளோ அவர்களில் ஒருவனுக்குத் தாய்மாமன். ஆட்டம் தெரிந்த அத்தனை பேரும் யாருக்காவது சம்பந்தி. கடைசியில், பேக்டரி குவார்ட்டர்ஸுக்குப் புதிதாக வந்த செல்லையாவை இழுத்துவருகிறார்கள். “நான் திருநெல்வேலிக்காரம்லா, இங்க எனக்கு யாரும் கெடையாது” என்கிறான் அவன். இரண்டு ஊரும் கைதட்டிக் கூத்தாடுகின்றன. விசிலை வாயில் வைத்தவன் ஊதாமல் நிற்கிறான். அவன் பார்வை போன திசையில் கன்னியப்பனும் பார்க்கிறான். வேப்பமரத்தடியில் தன் தங்கை சுசீலா, தாவணி முனையைக் கடித்துக்கொண்டு தலைகுனிந்து சிரிக்கிறாள். கன்னியப்பனுக்குச் சுருக்கென்கிறது, கத்த வாயெடுக்கிறான். எதிரே நெமிலிச்சேரிக்காரர்கள் ஒன்றும் அறியாமல் தொடை தட்டுகிறார்கள். “இன்னா மாமே, எதுனா தப்பா?” என்கிறான் துலுக்கானம். “ஒண்ணியும் இல்ல, ஊதச் சொல்லு” என்று கன்னியப்பன் இளிக்கிறான். “அடுத்த வருசத்துக்கு வேற ரெபரி தேடணும், அவ்ளோதான்.”