வலப்பக்கத்து ஒடுக்கு

"உண்மையைச் சொல்லுங்க. இது கையில செஞ்சதா?"

ஓட்டல் முதலாளி டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். அளந்து பார்ப்பதில் அவர் தையல்காரருக்கு அண்ணன். கட்டி முடியாத ஓட்டலின் வரவேற்பறைத் தரையில் மாதிரிக்கு ஆறு செம்புத் தொட்டிகள் வரிசையாக இருந்தன. அறைக்கு ஒன்று, கை கழுவ. ஆறிலும் மயிரிழை வித்தியாசம் இல்லை.

"மெஷின்ல அடிச்சுக் கொண்டாந்து எனக்கே காதுல பூ சுத்துறீங்களா?"

 இருநூறு அறைக்கும் கைவேலைதான் என்று அடித்துப் பேசியவள் ஓட்டலின் டிசைனர்.

பக்கத்தில் நின்றவள் தொட்டிகளைச் செய்த செம்புவேலைக்காரி. அவளை நம்பிப் பதினோரு பெண்கள் பார்த்த வேலையை விட்டுவிட்டு அவள் பட்டறைக்கு வந்திருந்தார்கள். இந்த ஆர்டர் கைநழுவினால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பாள்?

முதலாளி தன் காரிலிருந்து ஒரு தொட்டியை எடுத்துவந்தார். "இதைப் பாருங்க. போன மாசம் தங்கின ஓட்டல்ல கெஞ்சி வாங்கினேன். விளிம்பு லேசா கோணல், வலப்பக்கம் சின்னதா ஒரு ஒடுக்கு. நாலு ரூம் ஏறி இறங்கிப் பார்த்தேன், எல்லாத்துலயும் இதே அழகு. கைவேலைன்னா இதுதான்."

"அக்கா, ஏதாவது சொல்லுங்கக்கா," என்று டிசைனர் கிசுகிசுத்தாள்.

செம்புவேலைக்காரி புடவையை இடுப்பில் செருகிக்கொண்டாள். வண்டியிலிருந்து பாதி முடிந்த தொட்டியையும் சுத்தியலையும் பட்டடைக் கல்லையும் இறக்கி, தரையில் உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தாள். சுற்றுக்கு நூற்றிருபது சுத்தியல் அடி, உதடு அசைய எண்ணிக்கொண்டே. ஓர் அடி கூடினாலும் செம்பு விரிந்து தொட்டி பாழ். ஒன்றரை மணி நேரம் ஆனது.

முடிந்ததும் முதலாளியே அளந்தார். மற்ற ஆறோடு கச்சிதமாகப் பொருந்தியது.

"ஒத்துக்கறேன். கைதான்."

டிசைனருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஆனா தங்க வர்றவன் நம்பணுமேம்மா," என்றார் முதலாளி. "இவ்ளோ சுத்தமா இருந்தா கைவேலைன்னு எவன் நம்புவான்? நான் கொண்டுவந்ததை அடிச்ச ஆளைத் தேடிப் பிடிங்க. இருநூறும் அவருக்குத்தான்."

டிசைனர் தலையைக் குனிந்துகொண்டாள். செம்புவேலைக்காரி எழுந்து, அந்தக் கோணல் தொட்டியை வாங்கி, ஒடுக்கின் மேல் விரலை ஓட்டினாள்.

"நாலு ரூம்லயும் ஒடுக்கு இதே இடத்துலதானா சார்?"

"ஆமா. அச்சு அசல்."

"அப்ப ஆளைத் தேடாதீங்க. இதுதான் மெஷின்."