வேகிற ஊருக்கு ஸ்வெட்டர்

“ஸ்வெட்டரா? அந்த ஊருக்கா?”

நாத்தனார் பெட்டிக்குள் கைவிட்டு, செத்த எலியைத் தூக்குவது போல இரண்டு விரலால் அதைத் தூக்கிப் பிடித்தாள். தவிட்டு நிறம். முழங்கையில் ஒட்டு.

ஆவியக்கா அதை வாங்கினாள். மடித்தாள். மறுபடியும் பெட்டியின் அடியில் வைத்தாள்.

ஆவியக்கா என்பது சலவைக்கூடம் வைத்த பெயர். ஓட்டல் படுக்கை விரிப்புகளுக்கு நீராவி இஸ்திரிப் பெட்டி போடும் பிரிவில் இருபத்திரண்டு வருஷம். ஆவிக்கு நடுவில் நிற்பவளை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. பேயைக் கட்டிக்கிட்டவன் என்று அவள் புருஷனைக் கேலி செய்ய அக்கம்பக்கத்துக்கு வசதியாகவும் போயிற்று.

நாலரைக்கு பஸ். நாளைக் காலை பத்தரைக்குக் கோர்ட்.

நாத்தனார் அந்த ஊரில் நாலு வருஷம் குப்பை கொட்டியவள். பெட்டி கட்டுவதில் தன் பேச்சுதான் கடைசிப் பேச்சு என்று தானே முடிவு செய்து, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

“அது ஊரா? மூடி போட்ட சட்டி. குளிச்சுட்டு வெளிய வந்தா, துடைக்கிறது தண்ணியா வேர்வையான்னே தெரியாது. மெல்லிசா பருத்தித் துணி எடுத்துக்கோ. வேர்க்குருவுக்குப் பவுடர். கைவிசிறி. கைக்குட்டை ஒண்ணு ரெண்டு பத்தாது, அரை டஜன் வேணும்.”

ஆவியக்கா எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். கூடவே ஒரு ஜோடி கம்பளிக் காலுறையையும் வைத்தாள்.

நாத்தனார் வாயைப் பிளந்தாள். பிறகு முகம் இளகியது.

“பயத்துல உனக்குப் புத்தி கலங்கிடுச்சு” என்றாள் மெதுவாக.

தெருவே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. போன மாசத்திலிருந்து.

போன மாசம் அதே கோர்ட்டில், ஆவியக்கா சாட்சிக் கூண்டில் ஏறி இரண்டு மணி நேரம் நின்றாள். சலவைக்கூடத்துப் பாய்லர் வெடித்ததைப் பார்த்து உயிரோடு மிஞ்சியவள் அவள் ஒருத்திதான்.

பாய்லர்காரர் தூங்கிவிட்டார், அதனால்தான் வெடித்தது என்பது முதலாளி தரப்பு வாதம். செத்தவர் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப் போவதில்லையே.

அவர் தூங்கவில்லை. பிரஷர் ஏறுது, பாதுகாப்பு வால்வை அவிழ்த்து விடுங்க என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். வேலை நிற்கக் கூடாது என்று அந்த வால்வைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டச் சொன்னவர் முதலாளி. சொன்னதை ஆவியக்கா தன் இரண்டு காதாலும் கேட்டாள்.

“கட்டச் சொன்னவர் யார்? காட்டுங்கள்” என்றார் நீதிபதி.

முதலாளியும் அவர் தம்பியும் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் கையை நீட்டினாள்.

கை உதறியது. தோளிலிருந்து விரல்நுனி வரை வெடவெடவென்று. விரல் அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் ஊசலாடியது. பேர் சொல்லலாமென்றால் நாக்கும் குழறியது.

“ஏம்மா, அண்ணனா, தம்பியா? இல்ல, பின்னால இருக்கிற சுவரா?” என்றார் முதலாளியின் வக்கீல்.

கோர்ட்டே சிரித்தது. சொல்லிக்கொடுத்த சாட்சி, பயத்தில் நடுங்குகிறார் என்று பதிவு செய்யச் சொன்னார் வக்கீல். மிச்ச விசாரணை நாளைக்கு.

நாளையும் விரல் ஆடினால், செத்தவர் தூங்கினவர்தான். காலத்துக்கும்.

“போகாதே. உடம்பு சரியில்லைன்னு டாக்டர்கிட்ட ஒரு சீட்டு வாங்கிக்கலாம். அவங்களோட மோதி யாரு தழைச்சாங்க, சொல்லு?” என்றாள் நாத்தனார்.

ஆவியக்கா ஒரு மஃப்ளரைச் சுருட்டிப் பெட்டியின் மூலையில் திணித்தாள்.

நாத்தனாருக்குச் சுர்ரென்று ஏறியது.

“நான் பாட்டுக்குக் கத்துறேன், நீ பாட்டுக்கு... குளிர் விட்டுப் போச்சுடி உனக்கு!”

ஆவியக்காவின் கை நின்றது. அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

“இன்னும் விடலை அண்ணி. அதுக்குத்தான் இதெல்லாம்.”

நாத்தனார் விழித்தாள்.

“வெயில் எல்லாம் தெருவோட சரி. கூண்டுக்கு நேர் மேல ஏசி. வக்கீலுக்கு வேர்க்குதாம். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் குறைக்கச் சொன்னாரு. கடைசியில பதினாறு டிகிரி. ஆவியிலயே வெந்த உடம்பு இது. தாங்கலை.”

“அடிப்பாவி, இதை ஏன் அன்னிக்கே சொல்லலை?”

“சொல்லியிருந்தா சாக்குன்னு அதுக்கும் சிரிச்சிருப்பாங்க. பயம்னே நினைச்சுக்கட்டும். நாளைக்கு எனக்கு அதுதான் வசதி.”

வாசலில் ஹாரன் அடித்தது. ஆட்டோ பிடிக்கப் போன புருஷன்.

நாத்தனார் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். கைவிசிறியை எடுத்துக் கட்டிலில் வீசினாள். பவுடர் டப்பாவும் பின்னாலேயே போயிற்று. அடியில் கிடந்த ஸ்வெட்டரை உருவி, உதறி, முதலில் கைக்கு அகப்படும்படி எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

“கையுறை? என்கிட்ட ஒரு ஜோடி இருக்கு. ஓடிப் போய் எடுத்துட்டு வரட்டுமா?”

“வேண்டாம் அண்ணி” என்றாள் ஆவியக்கா. “விரல் தெரியணும்.”