பன்னிரண்டு வார்த்தை

கேக் மேல் கடைசி ரோஜாவை வைக்கும் நேரம் பார்த்துத் தம்பி வந்து நின்றான். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாரமாக இதே தொல்லை.

“அக்கா, இன்னிக்கு முடிச்சே ஆகணும்.”

“மூச்சு விட நேரமில்லடா. ஏன் இப்படி வேர்த்து ஊத்துது? பைக் எங்க?”

“சர்வீஸ்ல. கொஞ்ச நேரம்தான், வா.”

முடிக்காமல் விடமாட்டான். கையைத் துடைத்துக்கொண்டு பேக்கரியின் பின்னறைக்குப் போனாள்.

சம்பளத்தில் மிச்சம் பிடித்ததையெல்லாம் தம்பியிடம் கொடுத்து பிட்காயினாக வாங்கியிருந்தாள். எல்லாம் அவன் போனில்தான் இருந்தது. முதலாளி கடையை விற்கும்போது இவளே வாங்க வேண்டும் என்று சேர்த்த பணம் அது. வேறு சேமிப்பு கிடையாது.

இப்போது திடீரென்று, உன் காசை நீயே வைத்துக்கொள் என்று உயிரை வாங்குகிறான்.

பிட்காயினைப் பூட்டி வைக்க பென் டிரைவ் மாதிரி ஒரு கருவி, உள்ளங்கை அகலத்தில் ஒரு எஃகுத் தகடு, கீறி எழுத ஒரு ஊசி. மூன்றையும் மாவு மூட்டை மேல் பரப்பினான்.

“பின் நம்பர் போடு. அப்புறம் பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தை காட்டும். வரிசை மாறாம தகட்டுல கீறிக்கோ. கருவி தொலைஞ்சாலும் அந்த வார்த்தைங்க இருந்தா காசு உன்னோடது. வேற எவனாவது பாத்துட்டா அவனோடது.”

“போட்டோ எடுத்துக்கறேனே.”

“ஐயோ, கூடாது! போனுக்குள்ள எவனாவது புகுந்து எடுத்துடுவான்.”

“பேப்பர்ல எழுதிக்கறேன்.”

“எரிஞ்சிடும்.”

“எரியட்டும், போ! ஏதாவது கம்பெனிகிட்ட குடுத்தா அவங்க பாத்துக்க மாட்டாங்களா?”

“கம்பெனியை இழுத்து மூடிட்டா நடுத்தெருவுல நிப்ப.”

“அப்ப நீயே கீறிக் குடு.”

“நான் பாக்கவே கூடாதுக்கா.”

சொன்னவன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான், வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி. க்ரீம் பிடிக்கிற கையால் எஃகைக் கீறினாள். ஊசி வழுக்கி விரலில் குத்தியது. மனதுக்குள் அவனைத் திட்டித் தீர்த்தாள்.

“இது என்னடா வார்த்தை, எஸ், பி...”

“வாய்விட்டுப் படிக்காதே!” சுவரைப் பார்த்தபடியே கத்தினான்.

தகட்டை அவள் பைக்குள் போட்ட பிறகுதான் திரும்பினான். தன் போனைத் தட்டி, அவள் காசு முழுவதையும் அந்தக் கருவிக்கு மாற்றிவிட்டான். வந்து சேர்ந்துவிட்டதாக அதில் காட்டும்வரை நகம் கடித்துக்கொண்டே நின்றான். பிறகு அப்பாடா என்று தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“தகட்டை எங்க வைக்கப் போறேன்னு யார்கிட்டயும் சொல்லாதே. என்கிட்டகூட.”

அவ்வளவுதான், அக்கா பொங்கிவிட்டாள்.

“இத்தனை வருஷமா உன்கிட்டதானேடா இருந்துச்சு? ஒரு நாளாவது கணக்கு கேட்டேனா? கூடப் பொறந்தவனுக்குத் தெரிஞ்சா என்னடா ஆயிடும்? அப்படி எந்தத் திருடனுக்குடா இவ்வளவு பயப்படுற?”

தம்பி தலை நிமிரவில்லை.

“ஆன்லைன் பெட்டிங்ல என்னோடது எல்லாத்தையும் விட்டுட்டேன்க்கா. பைக்கையும் வித்தாச்சு. போன வாரம் உன் காசுல கை வைக்கப் போயிட்டேன். கடைசி நிமிஷத்துல எப்படியோ நிறுத்திட்டேன். இன்னொரு தடவை நிறுத்துவேனான்னு தெரியல.”

தான் நின்றிருந்த சுவரைக் காட்டினான்.

“அந்தத் திருடனைத்தான்க்கா, இவ்வளவு நேரம் சுவரைப் பாத்து நிக்க வச்சிருந்தேன்.”