இரண்டாவது குடுவை

இரண்டு குடுவைகளிலும் ஆப்பிள் சாறு புளித்துத் தெளிந்து, அடியில் வண்டல் படிந்திருந்தது. வண்டல் கலங்காமல் தெளிவை மட்டும் குழாயால் கீழே இறக்க வேண்டும். பழங்களைக் கொடுத்த பக்கத்து வீட்டு மார்த்தா சுவைத்துப் பார்க்க வருகிறாள். அயல்நாட்டில் நவநீதன் வீட்டுக்கு வரும் முதல் விருந்தாளி.

அவன் பேசப் பேச, கைப்பேசி எழுத்தாக்கி ஊருக்கு அனுப்பியது. "அக்கா, குழாய்ல வாய் வச்சு உறிஞ்சினாத்தான் இறங்குமாம். என்ன பண்ண?"

"எச்சில் பண்ணதையாடா வர்றவங்களுக்குக் குடுப்ப? சாய்ச்சு ஊத்து."

சாய்த்தான். வண்டல் புகைபோல் எழுந்து குடுவை முழுக்கக் கலங்கியது.

"போச்சு! ரெண்டு மாசம் காத்துக் கிடந்தது போச்சு! உன்னப் போயி கேட்டேன் பாரு!"

அதையும் கைப்பேசி ஓர் எழுத்து பிசகாமல் அனுப்பிவைத்தது.

மணி அடித்தது. உள்ளே வந்த மார்த்தா கலங்கிய குடுவையையும் அவன் முகத்தையும் பார்த்தாள். பிறகு இரண்டாவது குடுவையில் குழாயை மெல்ல இறக்கி, மறுநுனியை வாயில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தாள். தெளிந்த பொன்னிறம் கோப்பையில் இறங்கியது. ஒரு வாய் குடித்துவிட்டு, அதே கோப்பையை அவனிடம் நீட்டினாள்.

"என்னடா, தெளிஞ்சுதா?" என்று கைப்பேசி ஒளிர்ந்தது.

அண்ணாந்து ஊற்றிக்கொள்ளக் கோப்பையைத் தூக்கியவன், மார்த்தா பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, மெல்ல இறக்கி விளிம்பில் உதட்டை வைத்தான்.