சட்டைகளுக்கு நடுவே ஒரு குரல்

சுவர் அலமாரிக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்து, பார்வையற்ற மாணவர்களுக்கான பாடத்தை அவள் வாசித்துப் பதிவு செய்கிறாள். வீட்டில் வேறெங்கும் குரல் சரியாக நிற்பதில்லை. குளியலறையில் சுவரில் பட்டுக் கணீரென்று திரும்புகிறது. சமையலறையில் ஃப்ரிட்ஜின் உறுமல் கூடவே பேசுகிறது. சாமான் குறைந்த கூடத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வால் முளைக்கிறது. இங்கே மட்டும் கணவனின் சட்டைகள் நெருக்கியடித்துத் தொங்கி எதிரொலியை விழுங்கிவிடுகின்றன. அவன் பிரிந்துபோய் இரண்டு மாதம். இப்போது அவனுடைய அக்கா பெட்டியோடு வந்து, அலமாரிக் கதவைத் திறந்து, ஹேங்கர்கள் கிறீச்சிட ஒவ்வொன்றாக உருவுகிறாள். இவள் நாலு வரி வாசித்து, பதிவைப் போட்டுக் கேட்கிறாள். காலி டப்பாவுக்குள் பேசியதுபோல் இருக்கிறது. ஹெட்ஃபோனைக் கழற்றுகிறாள், மாட்டுகிறாள், முக்காலியை இப்படியும் அப்படியும் திருப்புகிறாள்.

"அண்ணி, இன்னும் ரெண்டே பக்கம். நாலு மணிக்குள்ள அனுப்பணும். நாளைக்குப் பிள்ளைங்களுக்குப் பரீட்சை."

"அவன் கீழ வண்டியோட நிக்கிறாம்மா. மேல வரமாட்டேங்கிறான்."

நாத்தனாரின் கைபேசி மறுபடி அதிர்கிறது. அவள் அதை அணைத்துக் கட்டிலில் போடுகிறாள். பெட்டியிலிருந்த சட்டைகளை இரண்டு கை கொள்ள அள்ளி வந்து, அலமாரி வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"நீ படிம்மா. நிக்கட்டும்."

அவள் படிக்கிறாள். குரல் மறுபடி பக்கத்தில் வந்து உட்காருகிறது. முதல் பத்தி முடிவதற்குள், சட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு விசும்பல் பதிவில் விழுகிறது. அவள் நிறுத்துகிறாள். அந்தப் பத்தியை முதலிலிருந்து படிக்கத் தொடங்குகிறாள்.