இன்றைய தேதி

“மேடத்துக்கு ஒரு தலைத்தொப்பி கொண்டாங்க,” என்று மேலாளர் குரல் கொடுத்தார். அன்று சோதனைக்கு அதிகாரி வரும் நாள். முதியோர் இல்லத்தின் உரிமம் நீடிப்பதும் போவதும் இந்தச் சமையலறையைப் பொறுத்திருந்தது.

வந்தவள் மடித்த துணிப்பை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மேலாளர் விடவில்லை, எதிராளியைப் பேசவிட்டால்தான் குறை வெளியே வரும் என்பது அவருடைய நிர்வாகத் தத்துவம்.

தொப்பியோடு வந்த சமையல்காரம்மா அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். “சார், இவங்க...”

“எல்லாம் எனக்குத் தெரியும். நீ அடுப்பைப் பாரு.”

நகைப்பெட்டியைத் திறப்பவர்போல் குளிர்பெட்டியைத் திறந்தார். வரிசை வரிசையாக டப்பாக்கள். ஒவ்வொரு மூடியிலும் வெள்ளை ஸ்டிக்கர், இன்றைய தேதி.

“தேதி இல்லாத டப்பா ஒண்ணு காட்டுங்க பாக்கலாம். காலைல வந்ததும் முதல் வேலையே ஸ்டிக்கர் ஒட்டுறதுதான் மேடம்.”

சமைப்பது எத்தனையாவது வேலை என்று அவள் கேட்கவில்லை. அவள் கண் கீழ்த்தட்டில் ஒரு டப்பாவில் நின்றிருந்தது. ‘வாத்தியார், ரூம் 6, கஞ்சி.’ மூடி லேசாக உப்பியிருந்தது.

“இது யாருக்கு?”

“நம்ம வாத்தியாருக்கு. சர்க்கரை வியாதி, அதனால தனிக் கஞ்சி.” இல்லத்து முதியவர்கள் அத்தனை பேரையும் மேலாளர் டப்பா மூடியில் படித்தே தெரிந்து வைத்திருந்தார்.

“இன்னிக்கு வச்சதா?”

“தேதியே சொல்லுதே. மனுஷனுக்கு நாக்கு கொஞ்சம் நீளம் மேடம். புளிக்குது, நாறுதுன்னு சொல்லியனுப்புவாரு. வயசானா நாக்கு செத்துப்போகும், நாமதான் அனுசரிச்சுப் போகணும்.”

“இப்பவும் சொல்றாரா?”

“இப்ப திருந்திட்டாரு. இன்னிக்குக் காலைலகூட ரெண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரே. இல்லையாம்மா?”

சமையல்காரம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வந்தவள் தலைத்தொப்பியைக் கழற்றி மேடைமேல் வைத்தாள். கக்கத்திலிருந்த பையை எடுத்து விரித்தாள். வெறும் பை.

“அப்பா போய் ஒரு மாசமாச்சு சார். அவரு துணிமணிய எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்.”