போயிட்டு வரேன்

ஸ்பானிஷ் பேசிப் பழக கோமதிக்கு வாய்த்தவள் எல்வீரா. கடல்தாண்டி ஏதோ ஓர் ஊரில் தனியாக இருக்கும் அறுபது வயதுக்காரி. முதல் நாள் வீடியோ காலில் அரைமணி நேரம் தட்டுத்தடுமாறிய பிறகு, 'போகிறேன்' என்று சொல்ல மட்டும் கோமதிக்கு வாய் வரவில்லை. போயிட்டு வரேன் என்பதை அப்படியே ஸ்பானிஷில் மாற்றி, "வோய் இ பெங்கோ" என்றாள். பெரியவளே கட் பண்ணட்டும் என்று செல்போனை ஜன்னலில் சாய்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். சோறு வடித்து ரசம் தாளித்துவிட்டு வந்து பார்த்தால், எல்வீரா அதே நாற்காலியில், சூப் ஆறிப்போக, காத்திருந்தாள். அவர்கள் ஊரில் அதற்கு 'இதோ வந்துடறேன்' என்று அர்த்தமாம். கோமதி தன் ஊர் வழக்கத்தை விளக்கியதும் எல்வீரா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

இன்று பேச்சு முடிந்ததும் எல்வீரா வழக்கம்போல "ஆதியோஸ்" என்று விடைபெறவில்லை. "போயிட்டு வரேன்" என்று ஒவ்வோர் எழுத்தாகத் தமிழில் சொல்லிவிட்டு எழுந்து போனாள். திரையில் காலி நாற்காலி, அதன் முதுகில் ஒரு பச்சைச் சால்வை.

"அங்க யாருமே இல்லையே, கட் பண்ணிடு" என்றான் கணவன்.

"வரேன்னுதானே சொல்லிட்டுப் போயிருக்காங்க."

கோமதி செல்போனைச் சரிவில்லாமல் நிமிர்த்திவைத்துவிட்டு, அதன் எதிரிலேயே உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கத் தொடங்கினாள்.